இந்த விசை யார் சொல்லைக் கேட்கும்?



பாட்டை நிறுத்த ஒரு பொத்தான், மீண்டும் ஓடவிட ஒரு பொத்தான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவரும் அப்படித்தான் கேட்டார். "லினக்ஸைப் பற்றி எழுதுவதானால் அதன் கருவைப் பற்றி எழுதுங்கள், நிரல் எழுதுவது பற்றி எழுதுங்கள். பாட்டுக்குப் பொத்தான் வைப்பதையெல்லாம் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு!" என்றார். நான் அவரோடு உடன்படவில்லை. கணிப்பொறியில் ஒரு மாணவர் செய்ய வேண்டிய முதல் வேலையே இதுதான் என்பது என் கருத்து. அக்கருத்து எனக்கு எங்கே தோன்றியது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்கிருந்து சேர்வராயன் மலையின் உட்பகுதிக்குச் செல்லும் சாலைகளில் ஒன்று மாரமங்கலம் ஊராட்சிக்குப் போகிறது. வழியெல்லாம் காப்பித் தோட்டங்கள். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், அறிவியல் மன்றக் கூட்டம் ஒன்றுக்காக அங்கே போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"சார், இது எங்க அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப். பாடம் கேக்க முடியல சார்."

அண்ணன் 2020-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த ஆண்டில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு தந்த மடிக்கணினிகளில் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களின் வழியே ஒளிப்பாடங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பாடங்கள் இன்னும் அப்படியே அதில் இருந்தன. மலையில் தொலைபேசி சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால், இணையத்தில் பாடம் பார்ப்பது அவளுக்கு ஆகிற காரியமல்ல. கையிலிருக்கும் இந்தக் கோப்புகளே அவளுடைய ஆசிரியர். பாலிடெக்னிக் படித்த உறவுக்கார அண்ணன் ஒருவர், வேகம் குறைந்துபோன அந்தப் பொறியில் டெபியன் லினக்ஸையும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் இலேசான மேசைத்தளத்தையும் போட்டுக் கொடுத்திருந்தார்.

தொடுதளம் பழுதாகியிருந்தது. விரலை வைத்தால் அம்புக்குறி எங்கோ தாவிற்று. அவள் பாடம் கேட்கும் முறையை என் முன்னால் செய்து காட்டினாள். திரையில் பாடநூலின் பி.டி.எஃப். பக்கம். அதற்குப் பின்னால் வி.எல்.சி. இயக்கியில் நிலைமின்னியல் பாடம் ஓடுகிறது. வலக்கையில் பேனா. ஆசிரியர் மின்புலத்தின் சமன்பாட்டைச் சொல்கிறார்; இவள் பாதி எழுதுவதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பேனாவை வைத்துவிட்டு, தாவுகிற அம்புக்குறியைத் துரத்தி, வி.எல்.சி. சன்னலைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி பாடநூலை முன்னால் கொண்டுவந்து, பேனாவை எடுத்தாள். அதற்குள் எதை எழுத நினைத்தாளோ அது போய்விட்டது.

இப்படி ஒரு தடவை நிறுத்த ஆறு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில் நாற்பது தடவை நிறுத்தினால் 240 விநாடிகள், அதாவது நான்கே நிமிடம். பெரிய நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் இங்கே நட்டமாவது நேரம் அன்று. கூலூம் விதியிலிருந்து மின்புலத்துக்குப் போகும் ஓர் எண்ணத் தொடர் நாற்பது இடங்களில் அறுந்துபோகிறது. வகுப்பில் உட்கார்ந்து கேட்பவர்கள், "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று வாயால் சொல்லிவிடலாம். இவளுக்கு அந்த வாய் விசைப்பலகையில்தான் இருக்க வேண்டும்.

"வி.எல்.சி.யிலேயே நிறுத்துவதற்கு விசை உண்டே, இடைவெளிக் கட்டையைத் தட்டினால் நின்றுவிடுமே" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மைதான். ஆல்ட் விசையோடு இடது அம்பை அழுத்தினால் பத்து விநாடி பின்னுக்கும் போகும். ஆனால் அது வி.எல்.சி. சன்னல் முன்னால் இருக்கும்போது மட்டுமே நடக்கும். விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அது எந்தச் சன்னலில் கவனம் இருக்கிறதோ அதற்குத்தான் போய்ச்சேரும். பாடநூல் முன்னால் இருக்கும்போது இடைவெளிக் கட்டையைத் தட்டினால் பாடநூலின் பக்கம்தான் நகரும். எனவே அவளுக்குத் தேவைப்பட்டது எந்தச் சன்னல் முன்னால் இருந்தாலும் வேலை செய்யும் விசை.

அதற்கும் ஒரு விசை அந்த மடிக்கணினியில் இருந்தது. மேல்வரிசை எஃப் விசை ஒன்றின் மீது சிறிய முக்கோணமும் இரட்டைக் கோடும் அச்சிட்டிருந்தன. ஆனால் அதற்குக் கீழ்மூலையிலுள்ள எஃப்.என். விசையையும் கூடவே அழுத்த வேண்டும். ஒன்று இடது ஓரம், மற்றொன்று வலது ஓரம். இரண்டு கையும் வேண்டும். பேனாவை எங்கே வைப்பது? பத்து விநாடி பின்னுக்குப் போவதற்கோ அதில் விசையே இல்லை. அந்த விசைகளை வடிவமைத்தவர் பாட்டுக் கேட்பவரை மனத்தில் வைத்து வடிவமைத்தார். பாடம் எழுதிக்கொள்ளும் பெண்ணொருத்தி அவர் மனத்தில் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் முடிவுக்கு நாம் கட்டுப்பட்டே ஆக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காண, விசையை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விசைப்பலகையில் ஏறத்தாழ நூறு விசைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கம்பி இழுப்பதில்லை. எட்டுக் கம்பிகள் குறுக்கே, பதினாறு கம்பிகள் நெடுக்கே என்று ஒரு வலைபோல் அமைத்தால் 128 சந்திப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. இருபத்துநான்கு கம்பிகளில் காரியம் முடிந்துவிடுகிறது. விசைப்பலகையினுள் இருக்கும் சின்னஞ்சிறு கட்டுப்படுத்தி, ஒவ்வொரு வரிசைக்கும் மாறி மாறிக் குறிப்புகை கொடுத்து எந்தச் சந்திப்பில் இணைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லி விநாடிகள் அது துள்ளும். ஒரே அழுத்தல் பல அழுத்தல்போல் தெரியும். அந்தத் துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து, பிறகே "இந்த விசை அழுந்தியது" என்று அது தெரிவிக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். கட்டுப்படுத்தி அனுப்புவது எழுத்தை அன்று, படத்தையும் அன்று. வெறும் எண்ணை அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு 'அ' என்று பொருளா, 'நிறுத்து' என்று பொருளா என்பது அதற்குத் தெரியாது. பொருள் கொடுப்பவர்கள் மேலே இருக்கிறார்கள்.

லினக்ஸின் கரு அந்த எண்ணை வாங்கித் தன் பட்டியலில் உள்ள எண்ணாக மாற்றுகிறது. அந்தப் பட்டியலில் ஓட்டு-நிறுத்து விசைக்கு 164. அடுத்த பாட்டுக்கு 163. முந்தைய பாட்டுக்கு 165. ஒலியைக் கூட்ட 115, குறைக்க 114. அன்று நாங்கள் எக்ஸ்.இ.வி. என்ற சோதனை நிரலை ஓட்டி, முக்கோணப் படமிட்ட விசையை அழுத்திப் பார்த்தோம். அது காட்டியதோ 172! கருவின் பட்டியலை என் குறிப்பேட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், "சார், எட்டு கூட இருக்கு" என்றான். ஒலி விசையை அழுத்தச் சொன்னேன். 115 வரவேண்டிய இடத்தில் 123. மறுபடியும் எட்டு.

நல்ல கேள்வி இது. லினக்ஸ் 1991-இல் பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. திரையில் சன்னல்களை வரைந்து காட்டும் எக்ஸ் என்னும் அமைப்போ அதற்கும் மூத்தது. அதன் பதினோராம் பதிப்பு 1987-இல் வந்தது. எக்ஸின் விதிப்படி விசை எண்கள் எட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 0 முதல் 7 வரை பயன்படுத்தக்கூடாது. ஆகவே கருவின் எண்ணோடு எட்டைக் கூட்டி எக்ஸிடம் கொடுக்கிறார்கள். அதோடு, எக்ஸ் விசை எண்ணுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பைட், எட்டு பிட்டுகள். எனவே பெரும எண் 255. கருவின் பட்டியலில் ஒலிவாங்கியை அடைக்கும் விசைக்கு எண் 248. எட்டைக் கூட்டினால் 256. ஒரே ஓர் எண்ணால் எல்லைக்கு வெளியே போய்விட்டது! அதனால் லினக்ஸில் அந்த விசையை எஃப்20 என்ற, பெரும்பாலான விசைப்பலகைகளில் இல்லாத, ஒரு விசையின் பெயரால் அனுப்பிச் சமாளித்தார்கள். 1987-இல் எடுத்த ஒரு பைட் முடிவு, பல ஆண்டுகள் கழித்து வந்த மடிக்கணினியின் ஒலிவாங்கியில் வந்து இடித்தது. பாடநூலில் இராத இவ்வகைச் செய்திகள்தாம் எனக்குச் சுவையாக இருக்கின்றன.

விசைக்குப் பொருள் கொடுப்பது மனிதர் செய்யும் ஏற்பாடு என்பது தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, 247 எழுத்துகளை எப்படி நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்குவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிர்களை இடக்கையிலும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கையிலும் வைத்தார்கள். 'எச்' என்று அச்சிட்ட விசையைத் தட்டினால் 'க' வருகிறது. விசையின் தலையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது அதைக் கட்டுப்படுத்துவதில்லை.

சரி, விசையின் எண் மேசைத்தளம் வரை வந்துவிட்டது. பாடநூல் சன்னலுக்குத் தெரியாமல் அதை மேசைத்தளம் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை வி.எல்.சி.யிடம் எப்படிச் சொல்வது? இங்கேதான் டி-பஸ் வருகிறது. பஸ் என்றதும் மாணவர்கள் சிரித்தார்கள். சேலம் பஸ்ஸுக்கும் இதற்கும் பெயர் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் பொதுத் தடம் அது. ஒவ்வொரு நிரலும் அதில் தனக்கு ஒரு முகவரியைப் பதிவு செய்துகொள்கிறது. இசை, ஒளிப்பட இயக்கிகள் எந்தெந்தச் செய்திகளுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதற்கு எம்.பி.ஆர்.ஐ.எஸ். என்ற ஒரு பொது உடன்பாடு இருக்கிறது: ஓட்டு-நிறுத்து, அடுத்தது, முந்தையது, இவ்வளவு நேரம் தள்ளு. தள்ளும் நேரத்தை மைக்ரோ விநாடியில் சொல்ல வேண்டும். பத்து விநாடி பின்னுக்குப் போவதற்கு 'கழித்தல் ஒரு கோடி' என்று அனுப்ப வேண்டும். தொடக்கத்துக்கும் முன்னால் போகச் சொன்னால் இயக்கி பூச்சியத்தில் நின்றுவிடும்.

இந்த உடன்பாட்டை மதிக்கும் எந்த இயக்கியும் ஒரே விசைக்குக் கட்டுப்படும். வி.எல்.சி. மதிக்கிறது. அதுவும் மாணவர் கைவண்ணம்தான். பாரிஸ் நகரப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள், தங்கள் விடுதி வலைப்பின்னலில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக 1996-இல் தொடங்கிய வேலை அது. எம்.பி.வி. என்ற இயக்கிக்கு ஒரு துணை நிரலைத் தனியே சேர்க்க வேண்டும். விசை வைத்தும் வேலை நடக்கவில்லையென்றால், இயக்கி இந்த உடன்பாட்டில் சேர்ந்ததுதானா என்று முதலில் பாருங்கள்.

டி-பஸ்ஸில் நாமே செய்தி எழுதி அனுப்புவது நீளமான வேலை. அதற்கென்று ஒரு சிறு நிரல் இருக்கிறது. 'பிளேயர்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, இடம் விடாமல் சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் அதன் பெயர். எல்லாம் சிறிய எழுத்துகள். அதன் பின் ஓர் இடம் விட்டு 'பிளே', ஒரு சிறுகோடு, 'பாஸ்' என்று எழுதினால் ஓட்டு-நிறுத்து. 'பொசிஷன்' என்று எழுதி, இடம் விட்டு 10, அதை ஒட்டி ஒரு கழித்தல் குறி போட்டால் பத்து விநாடி பின்னுக்கு. கழித்தல் எண்ணுக்குப் பின்னால் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நானே முதல் தடவை முன்னால் போட்டுத் திண்டாடினேன்.

அந்த நிரல் அவள் பொறியில் இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைத்தது. என் தொலைபேசியை அங்கே ஒரு கல்லின்மேல் வைத்து, மடிக்கணினியைப் பக்கத்தில் ஒரு பையன் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இறக்கினோம். பிறகு எக்ஸ்.எஃப்.சி.இ.யின் அமைப்புகளில் விசைப்பலகை, அதனுள் செயலிக் குறுக்குவழிகள், 'சேர்' என்ற பொத்தான். கட்டளையை எழுதச் சொல்லும். எழுதியதும் எந்த விசை என்று கேட்கும். வேண்டிய விசையை அழுத்திக் காட்டினால் முடிந்தது. க்னோம் மேசைத்தளத்தில் அமைப்புகள், விசைப்பலகை, பிறகு தனிப்பயன் குறுக்குவழிகள் என்று போக வேண்டும்.

எந்த விசை? இதை நான் சொல்லவில்லை. அவளையே முடிவு செய்யச் சொன்னேன். இடக்கையைப் பலகைமேல் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல், சன்னல் சின்னம் போட்ட விசைமேல் இயல்பாக விழுந்தது; லினக்ஸில் அதற்கு சூப்பர் விசை என்று பெயர். ஆள்காட்டி விரல் பக்கத்து எழுத்துகளில் நின்றது. சூப்பரோடு இசட் நிறுத்துவதற்கு, சூப்பரோடு எக்ஸ் பின்னுக்குப் போவதற்கு. எழுந்து போகாமல், பேனாவை வைக்காமல், பாடநூல் சன்னலை விட்டு நகராமல், ஆசிரியரை நிறுத்தி "இன்னொரு தடவை" என்று சொல்ல வைத்தாள். மூன்று தடவை சொல்ல வைத்தாள். தேவைக்காகச் செய்தது முதல் தடவை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

எஃப்.என். விசையைப் பயன்படுத்தலாமே என்று ஒருவன் கேட்டான். பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்த விசையைக் கட்டுப்படுத்தியே விழுங்கிவிடுகிறது. கருவுக்கு அது அழுந்திய செய்தியே போவதில்லை. தமிழ்99-ஐ விசைப்பலகை அமைப்பாகவே மாற்றிக்கொள்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அப்போது இசட் விசை 'ஔ' ஆகிவிடுவதால், சில மேசைத்தளங்களில் இத்தகைய குறுக்குவழி வேலை செய்யாமற் போகக்கூடும். அவர்கள் எழுத்து விசைக்குப் பதில் எஃப்1, எஃப்2 போன்றவற்றைச் சூப்பரோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி, என் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். கருவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மேலே சொன்னதில் மின்சுற்று வந்தது, கரு வந்தது, எண்களின் எல்லை வந்தது, நிரல்களுக்கிடையே செய்தி போகும் முறை வந்தது. அவற்றைத் தனித்தனிப் பாடமாக நான் நடத்தியிருந்தால், காப்பி பறித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து கேட்டிருப்பார்களா? 'எட்டு கூட இருக்கு' என்ற கேள்வியைப் பாடத்திட்டம் கேட்கவில்லை, அந்தப் பையன் கேட்டான்.

இன்னொரு தடை இதைவிட வலுவானது. நான் சென்ற சில கணிப்பொறி ஆய்வகங்களில், 'அமைப்புகளைத் தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆசிரியர்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நாற்பது மாணவர் பத்துப் பொறிகளைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஒருவன் மாற்றி வைத்தால் அடுத்தவன் தவிப்பான். ஆனால் இதற்குக் காரணம் மாணவனின் விரல் அன்று. எல்லோரையும் ஒரே பயனர் பெயரில் நுழைய விடுவதே காரணம். லினக்ஸ் தொடக்கத்திலிருந்தே பலர் பயன்படுத்தும்படி அமைந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஓர் அடைவும் கொடுத்துவிட்டால், அவர் வைத்த குறுக்குவழிகள் அவருடைய அடைவுக்குள், புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' என்ற மறை அடைவில், தங்கிவிடுகின்றன. அடுத்தவரைத் தொடுவதே இல்லை. எல்லாம் குழம்பிப்போனால் அந்த அடைவின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி நுழைந்தால் போதும். புதுப் பொறிபோல் வந்து நிற்கும். இதை அறிந்த ஆசிரியர் அந்தத் தாளை ஒட்டத் தேவையில்லை.

தமிழக அரசு 2011-இல் பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளையும் மனத்தில் வைத்து உருவாக்கிய அமைப்பு அது. என் வகுப்புக்கு வந்த மாணவர்களிடம் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறேன். அதைத் திறந்து பார்த்ததாகக் கை தூக்கியவர்கள் மிகச் சிலரே. திறந்தவர்களும் "அதில் ஒன்றும் தெரியவில்லை" என்று மூடிவிட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில், 2001-இல் ஐ.டி.@ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் வழியே, பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே பாடம் படித்துச் செய்முறைத் தேர்வும் எழுதுகிறார்கள். நாம் பொறியைக் கொடுத்தோம். 'இதை உன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்' என்ற ஒரு சொல்லைக் கூடவே கொடுக்க மறந்துவிட்டோம். இது என் வருத்தம்.

ஆனால் அளவு வேண்டும். என் முன்னாள் மாணவர் ஒருவர் முப்பத்தாறு குறுக்குவழிகள் வைத்திருக்கிறார். அவற்றை நினைவில் வைக்க ஒரு தாளும் வைத்திருக்கிறார்! அந்தத் தாளைத் தேடும் நேரத்தில் சுட்டியாலேயே வேலையை முடித்துவிடலாம். ஒரு வேலை உங்களை ஒரே நாளில் பத்து முறை தடுத்தால் மட்டும் அதற்கு ஒரு விசை வையுங்கள். பாடம் கேட்பவருக்கு இரண்டு அல்லது மூன்று போதும்.

மேசைத்தளம் விசையைப் பிடிக்கிறது என்றேனே, அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எக்ஸ் அமைப்பில் எந்த நிரல் வேண்டுமானாலும் பிற சன்னல்களுக்குப் போகும் விசைகளையும் ஒற்றுக்கேட்க முடியும். நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டும்போதும் கேட்கலாம். 2008-இல் தொடங்கிய வேலண்ட் என்னும் புதிய அமைப்பு இதற்கு இடங்கொடுப்பதில்லை. கவனம் பெற்ற சன்னலுக்கு மட்டுமே விசை போகும். எந்தச் சன்னலிலும் வேலை செய்யும் குறுக்குவழி வேண்டுமென்றால் அதை மேசைத்தளத்தின் வழியாகத்தான் வைக்க வேண்டும். பழைய வழிமுறைகளைப் படித்துவிட்டுப் புதிய பொறியில் முயன்று தோற்பவர்கள் பெரும்பாலும் இதனால்தான் தோற்கிறார்கள்.

மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் பையை எடுக்கும்போது அந்த மாணவி கேட்டாள்: "சார், அந்த டி-பஸ்ஸு எல்லாருக்கும் பொதுன்னு சொன்னீங்களே. அப்ப நான் எதை நிறுத்தறேன், எதைக் கேக்கறேன்னு வேற நிரல் பாக்க முடியாதா?"

பார்க்க முடியும். அவள் பெயரில் ஓடும் எந்த நிரலும் அந்தத் தடத்தில் போகும் செய்திகளைப் படிக்கலாம். அதைப் பார்ப்பதற்கென்றே டி-பஸ்-மானிட்டர் என்று ஒரு கட்டளையும் இருக்கிறது. அதன் பெயரை அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு முனையத்தில் அதை ஓட்டிவிட்டுச் சூப்பரோடு எக்ஸை அழுத்து, கழித்தல் ஒரு கோடி தெரிகிறதா பார் என்றேன். கண்டக்டர் விசிலடித்துவிட்டார், விடையைக் கேட்க நான் நிற்கவில்லை.